முன்னூறு மாடு, ஒரு ஊரு – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நாங்க புளியந்தோப்புல மூணு தலைமுறையா மாடு வெச்சு பால் ஊத்துறோம். எங்க அக்கா பையன் கனடால சஸ்காட்சுவான் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைல வேலைக்கு இருக்கான். மொதலாளிக்கு எழுபது வயசாம், 300 மாடாம், அதுக்கு மேல ஊர் தீயணைப்புப் படைல இருக்காராம், பஞ்சாயத்து மாதிரி ஒன்னுல மெம்பராம், அக்கம்பக்கத்துல பனி கொட்டுனா டிராக்டர் எடுத்துட்டு போய் தள்ளிக் குடுக்குறாராம். எங்களுக்கு ஆறு மாட்டுக்கே தூங்க நேரமில்ல, அவரால மட்டும் எப்படி முடியுது?
– ஒரு வாசகர், புளியந்தோப்பு

பதில்: மொதல்ல ஒன்னு, அவரு பால் கறக்கறவரா இருக்க மாட்டாரு. அந்தப் புல்வெளி நாட்டுல பெரும்பாலும் கறி மாடுதான், ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு, சார்லே அப்படின்னு இனம். கன்னு தாய்கிட்டயே குடிச்சு மேய்ஞ்சு வளரும், குளிர் ஆரம்பிக்கற நேரத்துல 250 கிலோ கிட்ட வந்ததும் ஏலத்துக்கு போயிடும், வருஷத்துக்கு ஒரு தடவைதான் கைல துட்டு. உங்களுக்கு தினமும் விடிகாலைல இருக்கற பாடு அவருக்கு மார்ச், ஏப்ரல்ல மொத்தமா வந்து எறங்கும். ராத்திரி பூரா டார்ச்சை எடுத்துக்கிட்டு எந்த மாடு ஈனப் போவுதுன்னு சுத்தி சுத்தி வரணும். மைனஸ் 20 டிகிரில ஈரத்தோட விழுந்த கன்னுக்கு காது நுனியும் வால் நுனியும் உறைஞ்சு போய் அப்புறமா உதிர்ந்துடும், அதனால வைக்கோலால அழுத்தித் தேய்ச்சு, தூக்கினு போய் வண்டிக்குள்ள ஹீட்டர் காத்து அடிக்கற எடத்துல படுக்க வெச்சு, சூடு ஏறுனதும் சீம்பால் உள்ள போக வெக்கணும். சீம்பால் போவலன்னா என்னாகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? அப்புறம் தீனி. குளிர்ல ஒரு மாட்டுக்கு நாளைக்கு 12, 13 கிலோ காய்ஞ்ச புல்லு வேணும், 300 மாட்டுக்கு கணக்கு போட்டா கிட்டத்தட்ட 4 டன், அதை கோடைலயே அறுத்து உருளை உருளையா சுத்தி வெச்சிருக்கணும்.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். ஊர் வேலைய அவரு மாட்டு வேலை முடிஞ்ச பொறவு செய்யற தர்மம்னு நெனைக்காதீங்க, அதுவும் சேர்ந்தாதான் அங்க மாடே வெக்க முடியும். 1872ல கனடா ஒரு சட்டம் போட்டு 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர்னு குடியேற வந்தவங்களுக்கு பிரிச்சுக் குடுத்துச்சு (அது ஒன்னும் ஆளில்லாத நிலம் இல்ல, கிரீ, பிளாக்ஃபுட் மக்கள் காட்டெருமைய நம்பி வாழ்ந்த மண்ணு, அதை மறந்துட்டு இந்தக் கதைய சொல்லக் கூடாது). அப்படி பிரிச்சதால வீட்டுக்கு வீடு தூரம் ஆயிடுச்சு. காய்ஞ்ச புல்லுல தீ புடிச்சா டவுன்லருந்து வண்டி வர்றதுக்குள்ள எல்லாம் போயிடும், அதனால அவங்கவங்க வண்டில தண்ணி டேங்க்கை ஏத்திக்கிட்டு ஓடுவாங்க, இன்னொருத்தரு டிராக்டர்ல மண்ணை உழுது தீ தாண்டாத மாதிரி கோடு போடுவாரு. கன்னுக்கு சூடு போடற நாள்ல அக்கம்பக்கம் மொத்தமும் வந்து நிக்கும், ஒருத்தர் கயிறு, ஒருத்தர் ஊசி, ஒருத்தர் காதுக்கு அடையாள வில்லை, வீட்டுக்காரங்க சாப்பாடு போடுவாங்க, கூலின்னு எதுவும் கெடையாது. அடுத்த வாரம் இவரு அவங்க வீட்டுக்கு போவணும், அவ்ளோதான், நம்ம மொய் மாதிரிதான் இது, நோட்டுல எழுதாம மனசுல வெச்சிருப்பாங்க. பெரிய அளவுலயும் இது நடந்திருக்கு. 2002ல அங்க கொடும் வறட்சி வந்தப்போ கிழக்கு கனடா விவசாயிங்க ரயில்ல புல்லு அனுப்புனாங்க, 2012ல கிழக்குல இருக்கற ஒன்டாரியோ மாகாணம் காய்ஞ்சப்போ மேற்குல இருந்து புல்லு திரும்பிப் போச்சு. பத்து வருஷம் கழிச்சும் யாரும் மறக்கல.

கேள்வி: கனடால எல்லாருக்கும் இலவச வைத்தியம் வந்ததுக்கு மாட்டுக்காரங்களும் விவசாயிங்களும்தான் காரணம்னு ஒருத்தர் சொன்னாரு, நெஜமாவா?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: பெரிய பங்கு இருக்குமா. சஸ்காட்சுவான்ல சார்னியான்னு ஒரு கிராம நகராட்சி, 1915 வாக்குல அங்க இருந்த ஒரே டாக்டர் வருமானம் பத்தலன்னு கெளம்பப் பாத்தாரு. ஊர்க்காரங்க வரிப்பணத்துல வருஷத்துக்கு 1,500 டாலர் குடுக்கறோம், போவாதீங்கன்னு நிறுத்திட்டாங்க. அதைப் பாத்து மத்த ஊருங்களும் அப்படியே செஞ்சாங்க. 1946ல ஸ்விஃப்ட் கரன்ட் பகுதி முழுக்க பொது வைத்தியத் திட்டம் வந்துச்சு, அது மாட்டுக்கும் கோதுமைக்கும் பேர் போன எடம். 1962 ஜூலை 1ம் தேதி மாகாணம் முழுக்க வந்தப்போ டாக்டருங்க மூணு வாரத்துக்கு மேல ஸ்ட்ரைக் பண்ணாங்க, அப்பவும் திட்டம் அசையாம நெலைச்சு நின்னுச்சு, அதைப் பாத்துதான் அப்புறம் நாடு முழுக்க வந்துச்சு. நம்ம பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கு, வண்ணாரப்பேட்டைல அஞ்சு ரூபா டாக்டர் ஜெயச்சந்திரன் இருந்தாரு, 2018ல அவரு இறந்தப்போ தெரு முழுக்க ஜனம் அழுதுச்சு. அப்படி ஒரு மனுசன் கெடைக்கறது நம்ம பாக்கியம். ஆனா அந்த ஊர்க்காரங்க நல்ல டாக்டர் கெடைப்பாரான்னு காத்திருக்கல, சம்பளத்தை வரில எழுதி வெச்சாங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

கேள்வி: 2003ல பைத்திய மாட்டு நோய்னு நியூஸ்ல போட்டாங்களே, அப்போ அந்த விவசாயிங்க என்ன ஆனாங்க?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: அந்த வருஷம் மே 20ம் தேதி ஆல்பர்ட்டாவுல ஒரே ஒரு மாட்டுக்கு நோய்னு அறிவிச்சாங்க. அமெரிக்கா உட்பட பல நாடு கதவை மூடிடுச்சு, அமெரிக்கா உசுரோட மாட்டை திரும்ப வாங்க 2005 ஜூலை ஆச்சு, அதுவும் 30 மாசத்துக்குள்ள இருக்கற மாடு மட்டும். ஏல மையத்துல வெலை தரைக்கு வந்து கடன்ல பண்ணைய விட்டவங்க நெறைய. ஆனா அந்த நாட்டு ஜனங்க பயந்து ஒதுங்கல, அந்த வருஷம் மாட்டுக்கறி முன்னவிட அதிகமாவே வாங்கி சாப்ட்டாங்க. எங்க விவசாயிய நாங்க விட மாட்டோம்னு வேணும்னே செஞ்சாங்க.

கேள்வி: அக்கா, எங்க தெருவுல மாடு சுத்துது, பசங்க ஸ்கூல் போக பயப்படுதுங்க. மாட்டுக்காரங்ககிட்ட சொன்னா சண்டைக்கு வர்றாங்க. கனடா ஆளுங்களைப் பத்தி பெருமையா பேசறீங்களே, இவங்களுக்கு ஏன் அந்தப் பொறுப்பு இல்ல?
– பெயர் வேண்டாம், கொடுங்கையூர்

பதில்: கொழந்தைங்க பயம் நியாயம், அதுல ரெண்டு பேச்சே இல்ல, கொம்பு மாடு ரோட்டுல நிக்கக் கூடாது. ஆனா அந்த கனடா மொதலாளிக்கு ஏக்கர் கணக்குல நெலம் இருக்கு, உங்க தெரு மாட்டுக்காரருக்கு பத்தடிக்கு பத்தடி கொட்டாய். அங்கயும் 1930கள்ல மண்ணு காத்துல பறந்து போனப்போ தனி ஆள் எவ்ளோ உழைச்சும் ஒன்னும் ஆவல, 1935ல சட்டம் போட்டு அரசாங்கமே பொது மேய்ச்சல் நிலம் உண்டாக்குச்சு, ஊர் மாடெல்லாம் சேர்ந்து மேய்ஞ்சுது. நம்ம பக்கம் மேய்ச்சல் நிலமா கெடந்ததெல்லாம் வீடாவும் குடோனாவும் ஆயிடுச்சு, மாடு மட்டும் அப்படியே நிக்குது. 2023ல மாநகராட்சி அபராதத்தை 5,000 ரூபா ஆக்குச்சு, ரெண்டாவது தடவை புடிச்சா 10,000ன்னு வெச்சுச்சு, 2024ல அதையும் இன்னும் ஏத்திடுச்சு. ஆறு மாடு வெச்சிருக்கறவர் அதை எங்கருந்து கட்டுவாரு? உங்க காலை காபிக்கு பால் அவங்க வீட்டுலருந்துதானே வருது. சண்டைய விட்டுட்டு ஒரு காரியம் பண்ணுங்க, நீங்களும் அவங்களும் சேர்ந்து கவுன்சிலர்கிட்ட போங்க, வார்டுக்குள்ள காலியா இருக்கற அரசு எடத்துல பொதுக் கொட்டாய் ஒன்னு கேளுங்க, தண்ணி தொட்டியோட. ஒரே மனுல மாட்டுக்காரர் கையெழுத்தும் ஸ்கூல் பசங்க அம்மாக்கள் கையெழுத்தும் இருக்கட்டும், கைல ஒரு நகலும் வெச்சுக்கோங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த இதழ்ல அதை அப்படியே போடறேன்.