மேய்ச்சல் கருகினால் அரசு உதவி உண்டா? டெக்ஸாஸ் பண்ணையாளருக்கு ஒரு பதில்

கேள்வி: டெக்ஸாஸில் குத்தகை நிலத்தில் இறைச்சி மாடுகள் வளர்க்கிறோம். வறட்சியில் புல் கருகிவிட்டதால் வைக்கோலை விலைக்கு வாங்கிப் போடுகிறோம். சில மாடுகளை விற்றும் விட்டோம். காப்பீடு எதுவும் எடுக்கவில்லை. அரசின் பேரிடர் உதவி எங்களுக்குக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் கேட்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் பண்ணைச் சேவை முகமை நடத்தும் மேய்ச்சல் தீவன இழப்பு உதவித் திட்டம், சுருக்கமாக எல்.எஃப்.பி. இதை நிரந்தரமாக்கிய 2014ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டம் காப்பீட்டு நிபந்தனையையும் நீக்கிவிட்டதால், அந்தக் கவலை வேண்டாம்.

உங்கள் நிலம் எவ்வளவு காய்ந்தது என்பதை வைத்து இத்திட்டம் தகுதியை முடிவு செய்வதில்லை. வியாழக்கிழமைதோறும் வெளிவரும் அமெரிக்க வறட்சிக் கண்காணிப்பு வரைபடத்தில், வழக்கமான மேய்ச்சல் காலத்தின்போது உங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எந்த வறட்சி நிலையில் இருந்தது என்பதே கணக்கு. கவுண்டியின் ஒரு மூலை அந்த நிலையை எட்டினாலே கவுண்டி முழுவதும் தகுதி பெறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2025ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், டி2 எனும் கடும் வறட்சி தொடர்ந்து 4 வாரம் நீடித்தால் ஒரு மாதத் தொகையும், 8 வாரங்களில் 7 வாரம் இருந்தால் இரண்டு மாதத் தொகையும் உண்டு. அதைவிடக் கடுமையான டி3 நிலையை ஒருமுறை தொட்டாலே மூன்று மாதத் தொகை கிடைக்கும். வறட்சி அதற்கும் மேல் முற்றினால் ஐந்து மாதம் வரை போகும்.

தொகையைக் கணக்கிடும் முறையில்தான் ஏமாற்றம் அதிகம். மாடுகளின் மாதத் தீவனச் செலவு, நிலத்தின் இயல்பான தாங்குதிறன் ஆகிய இரண்டில் எது குறைவோ அதில் 60 சதவீதமே தரப்படும். உங்களிடம் 60 மாடுகள் இருந்தும், காட்டிய நிலம் 40 மாடுகளை மட்டுமே தாங்கும் என்றால், 40 மாடுகளுக்கே பணம் வரும். ஆகவே மேய்க்கும் ஏக்கர் ஒன்றையும் விடாமல் பண்ணைச் சேவை முகமைக்குத் தரும் நிலப்பரப்புக் கணக்கான ஏக்கர் அறிக்கையில் பதிவு செய்யுங்கள். பாசன நிலம் பொதுவாக இதில் சேராது.

விற்ற மாடுகளையும் விட்டுவிடாதீர்கள். வறட்சி தொடங்கிய நாளுக்கு முந்தைய 60 நாட்களில் அவை உங்களிடம் இருந்து, வறட்சியால் இந்த ஆண்டு விற்றிருந்தால் கணக்கில் வரும். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வறட்சி காரணமாக விற்றவற்றுக்கு அந்த மாதத் தொகையில் 80 சதவீதம் உண்டு. விற்பனைச் சீட்டுகளே இதற்குச் சான்று.

அடுத்து, உங்கள் குத்தகைப் பத்திரத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ரொக்கக் குத்தகை என்றால் சிக்கல் இல்லை. மாடு எடை கூடும் அளவுக்கேற்ப நில உரிமையாளருக்குப் பணம் தரும் ஏற்பாடாக இருந்தால், இத்திட்டத்தில் உங்களுக்கு இடமில்லை. வாய்மொழி ஏற்பாடாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே அதை உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

தீயால் இழந்த மேய்ச்சலுக்கு, கூட்டாட்சி அரசு நிர்வகிக்கும் நிலமாக இருந்தால் மட்டுமே எல்.எஃப்.பி. பொருந்தும். டெக்ஸாஸில் பெரும்பாலான மேய்ச்சல் நிலம் தனியாருடையது என்பதால், அங்கே காட்டுத்தீயில் புல்லை இழந்தவர்கள் ஈலாப் எனும் வேறு திட்டத்தைத்தான் நாட வேண்டும். வறட்சியில் மாடுகளுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவரும் செலவுக்கும் ஈலாப் உதவும். பண்ணைச் சேவை முகமையின் கவுண்டி அலுவலகத்துக்குப் போகும்போது அதையும் சேர்த்தே கேளுங்கள்.