பழைய உழவு மெசின் ஏசிக்குப் புது காஸ்: கேளுங்க, சொல்றேன்

செங்கலடியிலிருந்து: அண்ணன், கெபின் வைத்த பழைய உழவு மெசின் ஒன்று வாங்கினேன். தகட்டில் ஆர்-12 என்று பழைய ஏசிக் காஸின் பெயர் இருக்கு. அந்தக் காஸ் கிடைக்காதாம். அதற்குப் பதிலாக வந்த 134ஏ காஸை நேரே அடிக்கலாமா?

அடிக்கலாம், குளிரும் வரும், ஆனால் ஒரு போகம் தாங்காது. பிரச்சினை காஸ் இல்லை தம்பி, காஸை அழுத்துற கொம்பிரசரின் ஒயில். ஆர்-12-இல் மினரல் ஒயில் கரைந்து சுற்றிவந்து கொம்பிரசருக்கே திரும்பும். 134ஏ-யில் அது கரையாது, போன இடத்தில் தேங்கிவிடும், கொம்பிரசர் வறண்டு இறுகும். தொழில் தொடங்கின காலத்தில் நானே ஒரு மெசினுக்கு அப்படி அடித்துவிட்டு, பிறகு கொம்பிரசரைக் கழற்றிக் கவிழ்த்தால் கறுப்பாக இரண்டு சொட்டும் அலுமினியத் தூளும்தான் விழுந்தது.

சம்மாந்துறையிலிருந்து: காக்கா, அப்ப பேக் (PAG) என்கிற செயற்கை ஒயில் விடட்டா?

எஸ்டர் என்கிற மற்றச் செயற்கை ஒயிலை விடுங்க. பழைய மினரல் ஒயில் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தாலும் அது சமாளிக்கும், பேக் அப்படியில்லை. வடித்த ஒயிலை அளந்து வைத்து, தகட்டில் சொன்ன அளவோடு ஒத்துப் பாருங்க. ஈரம் உறிஞ்சுற டிரையரை மாற்றாமல் விடாதீங்க, பழையதன் உள்ளே இருக்கிற உறிஞ்சு மணி 134ஏ-க்குச் சரிவராது. கழற்றின மூட்டுக்கெல்லாம் பச்சை ஓ-ரிங். அப்புறம் வக்கூம் பம்பால் உள்ளே இருக்கிற காற்றை இழுங்க, அரை மணித்தியாலத்துக்குக் குறையவே கூடாது.

வெல்லாவெளியிலிருந்து: எவ்வளவு காஸ்?

ஆர்-12-க்குச் சொன்ன எடையில் 80 முதல் 90 வீதம். தகட்டில் ஒன்றரைக் கிலோ என்றால் 1.2-இல் நிறுத்தி பிரஷர் கேஜைப் பாருங்க. தராசில் வைத்து அடிக்கணும், கைக்கணக்கு வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து: எல்லாம் செய்தாச்சு. காலையில் நல்ல குளிர், பகல் பன்னிரண்டுக்கு வெறும் காற்று.

சிறுபோக வெட்டுத்தானே? கச்சான் வெயிலில் 134ஏ-யின் ஹை சைட் பிரஷர், அதாவது கொம்பிரசர் தள்ளுற பக்கத்து அழுத்தம், ஆர்-12-ஐவிட ஏறும், அதனால் சூட்டை வெளியே விடுற கொண்டென்சர் சுத்தமாக இருந்தே ஆகணும். டோர்ச் அடித்துப் பாருங்க, அதன் மெல்லிய தகடுகளுக்கு நடுவில் பதரும் வைக்கோல் தூசியும் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். ரேடியேட்டர் பக்கமிருந்து வெளிநோக்கி மெதுவாகக் காற்றடிக்கணும், முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே இறுகும். அதற்குப் பிறகும் பிரஷர் ஏறினால் விசிறியைப் பாருங்க.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: சமையல் காஸ் அடித்தாலும் குளிருதாமே?

குளிரும்தான். வைக்கோலுக்கு நடுவில் ஓடுற மெசின் தங்கச்சி, ஒரு ஹோஸ் வெடித்தால் போதும். வேண்டாம்.