வாசகர் கேள்விகள்: லண்டன் வீட்டு ரேடியோ, 1951

கேள்வி: என் மேடை நாடகம் 1951 நவம்பரில், லண்டனில் ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டில் நடக்கிறது. காலை முதல் இரவு வரை கூடத்தில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கவேண்டும். எப்போது எதை வைப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: 'பாடிக்கொண்டே' என்பதை முதலில் விட்டுவிடுங்கள். அந்த வீட்டில் ரேடியோவின் குமிழ் நாளெல்லாம் இரண்டு நிலையங்களுக்கு நடுவே போய்வந்துகொண்டிருக்கும். பி.பி.சி.யின் ஹோம் சர்வீஸில் செய்தி, பேச்சு, நாடகம். லைட் புரோகிராமில் இசை, கலகலப்பு, தொடர்கள். மூன்றாவதான தேர்ட் புரோகிராம் மாலை 6 மணிக்குத்தான் தொடங்கும். கனமான இசையும் இலக்கியமும்தான் அதில். உங்கள் கதாபாத்திரங்களுள் பேராசிரியர் யாரும் இல்லையென்றால் அது வேண்டாம்.

லைட் புரோகிராம் காலை 9 மணிக்குத்தான் திறக்கும். ஆகவே காலை உணவுக் காட்சியில் ஹோம் சர்வீஸின் 7 மணி, 8 மணிச் செய்திதான் வரவேண்டும். வார நாள் என்றால் 9.10-க்கு லைட்டில் 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்': அதாவது இல்லத்தரசிகளுக்கான நேயர் விருப்பம், முழுக்க இசைத்தட்டுகள். 9.55-க்கு ஐந்து நிமிட வழிபாடு. 10.30-க்கு 'மியூசிக் வைல் யூ வொர்க்'. நாடகக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். போர்க்காலத்தில், 1940 ஜூனில், ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய அரை மணி நிகழ்ச்சி இது. இயந்திர இரைச்சலுக்கு மேல் ஒலிபெருக்கியில் பேச்சு புரியாது என்பதால் மெட்டுக்கு மெட்டு இடைவெளியின்றி ஓடும். நடுவே அறிவிப்பாளர் வாய் திறக்கமாட்டார். சத்தம் ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்கும். கைதட்டலுக்கு இடம்விடும் ஒரு பாட்டைப் போர்க்காலத்தில் விலக்கியே வைத்தார்கள். தொழிலாளர்கள் கையிலிருக்கும் ஸ்பேனரால் தட்டித் தாளம் போட்டுவிடுவார்களாம்!

11 மணிக்கு 'மிஸஸ் டேல்ஸ் டைரி' என்ற குடும்பத் தொடர், முந்தைய மாலை வந்த பகுதியின் மறுஒலிபரப்பு. பகல் 1.45-க்குப் பள்ளி செல்லாத குழந்தைகளுக்குக் கால் மணி நேரம் 'லிசன் வித் மதர்'. அது முடிந்ததும், 2 மணிக்குப் பெண்களுக்கான 'வுமன்ஸ் ஹவர்'. 5 மணிக்குப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்திருப்பார்கள். குமிழைத் திருப்பி ஹோம் சர்வீஸின் சிறுவர் நிகழ்ச்சியான 'சில்ட்ரன்ஸ் ஹவர்', அதிலேயே 6 மணிச் செய்தி. 6.45-க்கு மறுபடி லைட்டில் 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற கிராமத்துத் தொடர், கால் மணி நேரம். இந்த நேரத்தில் 1951 மார்ச் 30 வரை வந்தது 'டிக் பார்ட்டன்' என்ற சாகசத் தொடர். ஆகவே கதையை அந்த ஆண்டின் பிப்ரவரிக்குத் தள்ளினால் இதையும் மாற்றவேண்டும். இரவு 9-க்கு ஹோம் சர்வீஸில் பிக் பென் மணியோசை, பின்பு செய்தி.

பி.பி.சி.யில் விளம்பரம் கிடையாது. செலவுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு உரிமக் கட்டணம். 'ரேடியோ ஃபோர்' என்று யாராவது வசனம் பேசினால் அடித்துவிடுங்கள், ஹோம் சர்வீஸுக்கு அந்தப் பெயர் 1967-ல்தான் வந்தது.

கேள்வி: நேரம் காட்டும் 'பிப்' ஒலியை நாங்களே பதிவுசெய்யலாமா?
– ஒலியமைப்பாளர், கோவை

பதில்: தாராளமாக. ஒரு கிலோஹெர்ட்ஸ் ஒலி, ஒவ்வொன்றும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நீளம், மொத்தம் ஆறு. 55-ஆவது நொடியில் தொடங்கி நொடிக்கு ஒன்று. ஆறாவது ஒலி தொடங்கும் கணமே சரியான மணி. இணையத்தில் கிடைக்கும் பதிவுகளில் ஆறாவது நீளமாக இருக்கும். அந்த மாற்றம் 1972 தொடக்கத்தில் வந்தது. உங்களுக்கு ஆறும் ஒரே அளவில் வேண்டும்.

கேள்வி: மேடையில் ரேடியோவைப் போட்டதும் ஒலி வரலாமா? முள்ளை எங்கே நிறுத்துவது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உடனே வரக்கூடாது. அக்கால ரேடியோவின் உள்ளே இருக்கும் வால்வு (கண்ணாடிக் குழல்) சூடேற அரை நிமிடம்வரை ஆகும். முதலில் முகப்பு விளக்கு, பிறகு லேசான 'ம்ம்ம்', அதன்பின் குரல் மெல்ல மேலெழும். நடிகருக்கு அந்த இடைவெளியில் செய்ய ஒரு வேலை கொடுங்கள்.

முகப்பில் எண்கள் அலைநீளத்தைக் குறிக்கும், மீட்டரில் இருக்கும். லைட்: நீண்ட அலையில் 1500, மத்திய அலையில் 247. லண்டன் ஹோம் சர்வீஸ் 330. தேர்ட் 464. மூன்று லட்சத்தை மீட்டரால் வகுத்தால் அதிர்வெண் கிலோஹெர்ட்ஸில் கிடைக்கும்: 1500 மீட்டர் என்றால் 200. எஃப்.எம். பேச்சே வேண்டாம், பி.பி.சி.யின் எஃப்.எம். ஒலிபரப்பு 1955 மே மாதம்தான் தொடங்கியது.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால் இருட்டியபின் 208-க்குத் திருப்பும்: ரேடியோ லக்ஸம்பர்க். விளம்பரமும் ஜனரஞ்சகப் பாட்டும் அங்கே உண்டு. பகலில் மத்திய அலையை விழுங்கிவிடும் வளிமண்டல மேலடுக்கு இரவில் கரைந்துவிடுவதால் அலை வானில் பட்டுத் திரும்பி இங்கிலாந்துவரை எட்டும். ஆனால் நிலையாக நிற்காது. பாட்டின் நடுவே ஒலி தேய்ந்து, கரகரத்து, மீண்டும் வரும். ஒலிப்பதிவில் இதைச் சேர்த்தால் விஷயம் தெரிந்தவர்கள் ரசித்துப் புன்னகைப்பார்கள்.

கேள்வி: கிராமத்து மாமா வீட்டில் மின்சாரம் இல்லை. அங்கே ரேடியோ?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பேட்டரி ரேடியோ. வால்வின் இழையைச் சூடாக்க 2 வோல்ட் ஈய-அமில அக்குமுலேட்டர் (திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி), கண்ணாடிக் கலத்தில். அதோடு 90 அல்லது 120 வோல்ட் உலர் பேட்டரி. அக்குமுலேட்டரைக் கடைக்கு எடுத்துப்போய்த்தான் சார்ஜ் ஏற்றவேண்டும். அதனால் இரண்டு வைத்திருப்பார்கள், ஒன்று வீட்டில், மற்றது கடையில். 1.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் தகட்டில் வெள்ளை படிந்து கெட்டுவிடும். மேடையில் கொண்டுவரும்போது கைப்பிடியைப் பிடித்து, சாய்க்காமல் நடக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது கந்தக அமிலம்.