கேற் ஒட்டிய கையும் சோதனைத் தகடும்: வெல்டிங் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டு வேலைக்கான செயன்முறைச் சோதனை பற்றியவை. ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

பன்னிரண்டு வருஷமாக கேற், கிறில், கூரைச் சட்டம் ஒட்டுகிறேன். 3ஜி சோதனையில் (நிமிர்த்தி வைத்த தகடுகளை ஒட்டுவது) கண்ணால் பார்த்தபோது ஒரு குறையும் சொல்லவில்லை. வளைத்தபோது ஒரு துண்டு பிளந்துவிட்டது. எங்கே பிழை விட்டேன்? (கிண்ணியா)

தம்பி, உங்கள் கையில் பிழை இருக்காது. கேற் வேலை பழக்கிவிட்ட பழக்கத்தில்தான் இருக்கும். கேற்றில் 6013 ரக வெல்டிங் குச்சியை மேலிருந்து கீழே இழுக்கிறோம். மெல்லிய பெட்டிக் குழாய் ஓட்டை விழாமல் இருந்தால் போதும். பிறகு கிறைண்டர், அதற்குப் பிறகு பெயின்ட். உள்ளே கசடு (குச்சியின் பூச்சு உருகி உறைந்தது) கிடந்தாலும் கேற் திறந்து மூடும். சோதனைத் தகட்டைக் கீற்றாக வெட்டி, யூ வடிவத்துக்கு 180 பாகை வளைக்கிறார்கள். உள்ளே ஒளித்து வைத்ததெல்லாம் அப்போது வாயைத் திறக்கும்.

பிளந்த துண்டு கையில் இருந்தால் உள்ளே பாருங்கள். கண்ணாடி மாதிரிச் சாம்பல் நிறப் பொருள் தெரிந்தால் கசடு. வழுவழுப்பான தட்டை முகம் தெரிந்தால், உருகிய உலோகம் தகட்டின் சரிவோடு சேராமல் மேலே படுத்திருக்கிறது. சின்னச் சின்ன ஓட்டைகள் என்றால் ஈரக் குச்சி, அல்லது தொடங்கும்போது ஆர்க்கை (குச்சி நுனிக்கும் தகட்டுக்கும் இடையிலான மின்சுடரை) நீளமாகப் பிடித்திருக்கிறீர்கள். அமெரிக்கக் கட்டமைப்பு விதியான டி1.1, வளைத்த மேற்பரப்பில் 3 மில்லிமீற்றர் வரையிலான ஒரு குறையைப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் இல்லை.

என் கணிப்பு, நீங்கள் குச்சி மாற்றிய இடத்தில்தான் பிளந்திருக்கும். நான் பார்த்த தோல்விகளில் அரைவாசி அங்கேதான். வெல்டர் சோதனைக்கான சர்வதேச விதியான ஐஎஸ்ஓ 9606-1 முறையில் அடிப் பாஸிலும் (முதல் அடுக்கு) கடைசிப் பாஸிலும் ஒரு தடவையாவது நிறுத்தித் தொடங்கியே ஆகவேண்டும், அந்த இடத்தையும் குறித்து வைத்துச் சோதிப்பார்கள். ஆகவே ஒரே மூச்சில் ஒட்டித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். நிறுத்திய குழியில் இருக்கும் கசடு முழுவதையும் தட்டி, பிரஷ் போட்டு, பரிசோதகர் அனுமதித்தால் கிறைண்டரால் சரிவாக்குங்கள். குழிக்குச் சுமார் 10 மில்லிமீற்றர் முன்னால், காடிக்குள்ளேயே (இரண்டு தகடுகளுக்கு இடையில் ஒட்டும் பள்ளம்) பற்றவைத்து, ஆர்க்கைக் குட்டையாக்கிப் பின்னுக்கு வந்து குழியை நிரப்பி, பிறகு மேலே ஏறுங்கள். பற்றவைத்த இடத்தின் மேலேயே திரும்பவும் போவதால் அங்கே விழுந்த ஓட்டைகளும் உருகிவிடும். காடிக்கு வெளியே தகட்டில் பற்றவைத்த தழும்பைப் பரிசோதகர் விரும்பமாட்டார். அடுத்தடுத்த பாஸ்களில் நிறுத்தம் ஒரே உயரத்தில் வராமலும் பாருங்கள்.

3ஜி என்றால் பெரும்பாலும் கீழிருந்து மேலே. 3.2 மில்லிமீற்றர் 7018 குச்சிக்கு 100 முதல் 120 அம்பியருக்குள் உங்கள் மெசினுக்குச் சரியான இடத்தைத் தேடுங்கள். இன்வெர்ட்டர் என்றால் ஹோல்டர் வயர் பிளஸ்ஸில். பக்கச் சரிவுகளில் ஒரு கணம் நின்று, நடுவில் வேகமாகக் கடக்க வேண்டும். நடுவில் நின்றால் வயிறு தள்ளும், பக்கத்தில் நிற்காவிட்டால் ஓரம் அரிக்கும். பழைய ஏசி டிரான்ஸ்போமரில் 7018 ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று குச்சியைத் திட்டாதீர்கள். அந்த மெசின்கள் பலவற்றில் அதற்குப் போதிய திறந்த சுற்று வோல்ட் (ஆர்க் பற்றுவதற்கு முன் மெசின் தரும் வோல்ட்) கிடையாது.

பழகும்போது கிறைண்டரைக் கடைசிப் பாஸுக்குக் கிட்ட வைக்காதீர்கள். சோதனையிலும் மேல் பாஸை உரசி அழகாக்க விடமாட்டார்கள்.

7018 பெட்டியை உடைத்து இரண்டு மாதம். மாரி வேறு தொடங்கிவிட்டது. வெயிலில் காயவைத்தால் போதுமா? (சீனக்குடா)

போதாது. கடலோரத்தில், அதுவும் மாரியில், காற்றே ஈரம். அந்தக் குச்சியின் பூச்சு ஈரத்தை உறிஞ்சும், ஆர்க்கில் அது ஹைட்ரஜனாகி ஒட்டில் ஓட்டையையும் வெடிப்பையும் கொண்டுவரும். டி1.1 விதி கேட்பது 260 முதல் 430 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம். உங்கள் பெட்டியில் தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் அளவையே பின்பற்றுங்கள். எங்கள் வெயில் எவ்வளவு கொதித்தாலும் அதன் கிட்டவும் வராது. பெட்டிக்குள் பல்ப் எரியவிடும் வழி, காய்ந்த குச்சியை ஓரளவு காய்ந்தபடி வைக்கும், நனைந்ததைத் திருத்தாது. பழக அந்தப் பெட்டியைப் பாவியுங்கள், சோதனைக்குப் புதுப் பெட்டி உடையுங்கள். அப்புறம், 6010 குச்சியை இப்படிச் சுட்டுவிடாதீர்கள். அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும்.

கச்சான் காற்றில் சிஓ2 வெல்டிங் முழுக்க ஓட்டை. காஸைக் கூட்டினால் சரிவருமா? (நிலாவெளி)

உருகிய உலோகத்தைக் காற்றுப் படாமல் மறைப்பதுதான் காஸின் வேலை, கச்சான் அதை அடித்துக்கொண்டு போகிறது. ஓரளவுக்கு மேல் கூட்டினால் காஸே சுழன்று காற்றை உள்ளே இழுக்கும். தகரமோ படங்கோ கட்டி மறையுங்கள்.

ஓ/எல் எழுதவில்லை. பட்டறை அனுபவம் மட்டும் உண்டு. என்விகியூ (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) எடுக்கலாமா? அது இருந்தால் வெளிநாட்டில் திரும்பச் சோதிக்க மாட்டார்களா? (மூதூர்)

எடுக்கலாம். பாடநெறிக்குப் போகாமல், செய்த வேலையை வைத்தே மதிப்பிடும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி இருக்கிறது. நைட்டாவின் (தொழிற்பயிற்சி தரும் இன்னொரு அரச நிறுவனம்) அல்லது தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். செய்த வேலைகளின் படங்கள், வேலை செய்வித்தவர்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குங்கள். கையால் செய்து காட்டவும் வேண்டிவரும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: சோதிப்பார்கள். என்விகியூ உங்கள் தொழில் தகுதியைச் சொல்கிறது, அது உங்களோடு இருக்கும். கம்பனி செய்யும் சோதனை இந்த முறையில், இந்தத் தடிப்பில், இந்த நிலையில் ஒட்டுவீர்களா என்று மட்டும் பார்க்கிறது. அதற்கு ஆயுளும் உண்டு. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் ஏஎஸ்எம்ஈ பிரிவு 9 விதியில், அந்த வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாமல் இருந்தால் தகுதி போய்விடும். ஆகவே சோதனைக்கு முன் தகட்டின் தடிப்பைக் கேளுங்கள். ஐஎஸ்ஓ முறையில் 10 மில்லிமீற்றர் தகட்டில் பாஸானால் 3 முதல் 20 வரை செல்லும். 12 என்றால் 3க்கு மேல் எல்லாம். இரண்டு மில்லிமீற்றரில் இவ்வளவு வித்தியாசம்.

வயது 47. முன்பு நேராகப் போன கை இப்போது நெளிகிறது. சோதனைக்குப் போகலாமா? (தம்பலகாமம்)

அண்ணன், கையைக் குற்றம் சொல்ல முதல் கண்ணைப் பாருங்கள். எனக்கும் இதே கதை. கை நடுங்குகிறது என்று நினைத்து ஒரு சோதனைக்குப் போய்த் தோற்றேன். வீட்டுக்கு வந்து பத்திரிகையைக் கையை நீட்டிப் பிடித்து வாசித்தபோதுதான் விளங்கியது. உருகிய உலோகக் குட்டையின் விளிம்பு தெரியாதவருக்குக் கை எப்படி நேராகப் போகும்?

ஹெல்மெட்டுக்குள் வைக்கும் உருப்பெருக்கி லென்ஸ் கிடைக்கிறது. அல்லது வாசிக்கும் கண்ணாடியை உள்ளே போடுங்கள். இரட்டைக் கண்ணாடி வேண்டாம், தலைக்கு மேல் ஒட்டும் 4ஜியில் கிட்டப் பார்வைப் பகுதி கீழே போய்விடும். கறுப்புக் கண்ணாடியின் இலக்கத்தையும் பாருங்கள். 100 அம்பியர் அளவுக்கு 10 பொதுவாகப் போதும். பட்டறையில் கிடந்த 13ஐப் போட்டுக்கொண்டு இருட்டில் தடவுகிறவர்கள் அநேகம். சோதனைக்கு உங்கள் ஹெல்மெட்டையே கொண்டு போங்கள்.

இரவில் கண்ணில் மண் கொட்டியதுபோல் எரிகிறது. உருளைக்கிழங்கு வைக்கலாமா, தாய்ப்பால் விடலாமா? (குச்சவெளி)

இரண்டும் வேண்டாம். ஆர்க்கின் புறஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கிறது, சில மணித்தியாலம் கழித்துத்தான் எரியும். கசக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். சோதனை நாளைக்கென்றால் தேதியை மாற்றிக் கேளுங்கள்.