சாப்பிட்டு எழுந்ததும் வயிறு உப்புகிறதே, ஏன்?

கேள்வி: நான் 43 வயதுப் பெண். ஏழெட்டு மாதங்களாக, கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் வயிறு உப்பி, இடுப்பில் உடை இறுகுகிறது. ஏப்பம் விட்டால் தணிவதுபோல் இருந்து மீண்டும் உப்பிக்கொள்கிறது. மாலையில் மிக அதிகம். காலையில் எழும்போது வயிறு தட்டையாக இருக்கிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது. எடை குறையவில்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மூன்று மாதங்கள் சாப்பிட்டும் பயனில்லை. என்ன காரணம்? என்ன சிகிச்சை?

மருத்துவர் பதில்: காலையில் வயிறு தட்டையாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி எனக்கு மிகவும் பயன்பட்டது. கட்டியோ, வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதோ காரணமாக இருந்தால், வீக்கம் இரவோடு இரவாக வடிந்துவிடாது. பகலெல்லாம் ஏறி, உறங்கி எழும்போது இறங்கிவிடும் உப்புசம் பெரும்பாலும் குடலின் இயக்கத்தையும் உணவு செரிக்கும் விதத்தையும் சார்ந்தது. எடையும் குறையவில்லை என்பதால், நிதானமாகக் காரணத்தைத் தேடலாம்.

வயிறு உப்பினால் வாயு சேர்ந்துவிட்டது என்றே எல்லோரும் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். நலமாக இருப்பவரின் குடலிலும் எந்நேரமும் ஏறத்தாழ 200 மில்லி வாயு இருக்கும். உப்புசத்தால் அவதிப்படுபவர்களில் பலருக்கு அதன் அளவு மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிகமாக இருப்பதில்லை. அந்தச் சாதாரண அளவையே அவர்களுடைய குடல் நரம்புகள் கூடுதலாக உணர்கின்றன. சிலருக்கு, உணவு உள்ளே போனதும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம், மேலே நகர வேண்டியது, கீழே அழுந்தி, இறுக வேண்டிய வயிற்றுத் தசைகள் தளர்ந்துவிடுவதால், உள்ளே எதுவும் கூடாமலே வயிறு முன்தள்ளிக்கொள்கிறது. ஆகவே, இடுப்பில் உடை இறுகுகிறது என்று நீங்கள் சொல்வது வெறும் பிரமை அல்ல. பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அப்படி யாராவது சொன்னால் மனம் தளராதீர்கள்.

சாப்பிட்ட எத்தனை நேரத்தில், வயிற்றின் எந்தப் பகுதியில் உப்புசம் தொடங்குகிறது என்பதைக் கவனிப்பது அவசியம். சாப்பிடும்போதே அல்லது அரை மணி நேரத்துக்குள் தொப்புளுக்கு மேலே கனத்துப்போனால், உணவுடன் விழுங்கிய காற்று, இரைப்பை சரியாக விரிந்து கொடுக்காமை, இரைப்பை காலியாவதில் தாமதம், இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி ஆகியவற்றை நினைக்க வேண்டும். நீண்டகாலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரைப்பை மெதுவாகக் காலியாவது உண்டு. ஓரிரு மணி நேரம் கழித்து, தொப்புளுக்குக் கீழே இரைச்சலுடன் உப்பினால், செரிக்காத மாவுச்சத்தும் சர்க்கரையும் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து, ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் ஆகிய வாயுக்களாக மாறுகின்றன என்று பொருள்.

ஏப்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த முறை ஏப்பம் வருவதற்கு முந்தைய நொடியில் உங்கள் தொண்டையைக் கவனியுங்கள். தாடையைச் சற்று நீட்டி, ஒரு மிடறு காற்றை உள்ளிழுத்து, உடனே வெளியே தள்ளுகிறீர்களா? தாமாக ஏப்பத்தை வரவழைப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். அதில் ஒரு பகுதி காற்று இரைப்பைக்குள் இறங்கி உப்புசத்தைக் கூட்டுகிறது. அப்படியிருந்தால் ஏப்பம் விட முயல்வதை நிறுத்திவிட்டு, வாயை லேசாகத் திறந்தபடி, வயிறு உயர்ந்து தாழும் வகையில் பத்து முறை மெதுவாக மூச்சு விடுங்கள். சூயிங்கம், வாயு நிறைந்த பானங்கள், பேசிக்கொண்டே அவசரமாகச் சாப்பிடுவது ஆகியவற்றைக் குறைப்பதும் உதவும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தில் உள்ள சார்பிட்டால் தானே நொதித்து வாயுவை உண்டாக்கும் என்பதால், அது இரண்டு வகையிலும் கெடுதல்.

உங்களைப் பொறுத்தவரை நான் முதலில் கைவைக்க நினைப்பது மலச்சிக்கலில்தான். மலம் பெருங்குடலில் தங்கத் தங்க, நொதித்தலுக்கு அவகாசம் கூடுகிறது. வாயு வெளியேறும் வழியும் அடைபடுகிறது. மாலையில் உப்புசம் உச்சத்தை அடைவதற்கு இதுவே போதுமான காரணமாக இருக்கலாம். ஆனால் திடீரென்று தவிட்டையும் நார்ச்சத்தையும் அள்ளிச் சாப்பிட்டால் உப்புசம் இன்னும் மோசமாகும். இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்தை, நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, போதிய தண்ணீருடன், வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அது போதாவிட்டால், மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை மருத்துவரின் ஆலோசனையுடன் பயன்படுத்தலாம். பலரும் வாங்கிக் குடிக்கும் லாக்டுலோஸ் மருந்து மலத்தை இளக்கினாலும், தானே நொதித்து வாயுவை உண்டாக்குவதால், உப்புசம் உள்ளவர்களுக்கு அது என் முதல் தேர்வு அல்ல. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடங்கள் மெதுவாக நடப்பது வாயு நகர்வதற்கு உதவும்.

மலம் ஒழுங்காகக் கழியத் தொடங்கியும் உப்புசம் நீடித்தால் உணவைப் பார்க்கலாம். முதலில் பால். இரண்டு வாரங்கள் பாலை முழுமையாக நிறுத்திவிட்டு, பிறகு ஒரு நாள் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் குடித்து, அடுத்த மூன்று நான்கு மணி நேரம் கவனியுங்கள். பால் குடித்தால் வயிறு உப்பும் பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும் என்பதால் அதையும் சேர்த்து வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டியதில்லை. அடுத்து வெங்காயம், பூண்டு, பயறு வகைகள், கோதுமை, ஆப்பிள் போன்றவை. எளிதில் நொதிக்கும் இவற்றை நான்கு முதல் ஆறு வாரங்கள் குறைத்து, பின்னர் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். திரும்பச் சேர்க்கும் கட்டத்தைத் தவிர்த்துவிட்டு, பயத்தில் உணவைச் சுருக்கிக்கொண்டே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சத்துக்குறைவில்தான் முடியும். உணவியல் நிபுணரின் துணையுடன் செய்யுங்கள்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை உங்களுக்குப் பயன்படாததில் வியப்பில்லை. எதுக்களித்தலும் நெஞ்செரிச்சலும் இல்லாதபோது, அதை மாதக்கணக்கில் தொடர வேண்டாம். சிறுகுடலில் பாக்டீரியாக்கள் பெருக அது இடமளிக்கக்கூடும். பெப்பர்மின்ட் எண்ணெய் கேப்சூல் சிலருக்கு நல்ல பலன் தருகிறது. வாயுக் குமிழிகளை உடைக்கும் சிமெத்திகோன் கெடுதல் செய்யாது, பெரிதாக உதவவும் செய்யாது. இரைப்பையை இயக்கும் டோம்பெரிடோன் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது என்பதால், அதை நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், இரும்புச்சத்து மாத்திரை, சில ரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை உப்புசத்தையோ மலச்சிக்கலையோ உண்டாக்கக்கூடும் என்பதால், நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கு ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளும், சூலகங்களையும் சேர்த்துப் பார்க்கும் வயிற்று அல்ட்ராசவுண்டும் தேவை. பகலில் வந்து காலையில் மறையும் தன்மை ஆறுதல் அளித்தாலும், பெண்களுக்குப் புதிதாகத் தொடங்கி மாதக்கணக்கில் நீடிக்கும் உப்புசம் அபூர்வமாகச் சூலகப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், இந்த ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை, கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பின் செய்தால் முடிவு தவறாக இயல்பு என்று வரக்கூடும். ஹெலிகோபாக்டருக்கான மூச்சு அல்லது மலப் பரிசோதனைக்கு முன் அமில மாத்திரையை இரண்டு வாரங்கள் நிறுத்தியிருக்க வேண்டும்.

காரணமின்றி எடை குறைதல், மலத்தில் ரத்தம் அல்லது கறுத்த மலம், விழுங்குவதில் சிரமம், தொடர்ந்த வாந்தி, மஞ்சள் காமாலை, இரவில் உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் மேலே சொன்ன உணவு மாற்றங்களில் நாட்களைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். வயிறு கல் போல இறுகி, மலமும் வாயுவும் முற்றிலும் பிரியாமல், வாந்தியும் கடும் வலியும் சேர்ந்தால், குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றே, எந்த நேரமாக இருந்தாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.