கிணறும் கட்டமும்

கேள்வி: எங்கள் காட்டுப் பக்கம் 1 சதுர கிலோமீட்டருக்கு 100 கிணறுகள். அந்தந்தக் கிணற்றுக்கு மிக அருகிலுள்ள நிலத்தைப் பிரித்து வரைந்தால் கட்டங்கள் எப்படி இருக்குமுங்க?
– வாசகர், காங்கேயம்

பதில்: பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளைக் கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டின் நடுவில் அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு போடுங்கள். இதுவே வோரோனோய் பிரிவு. கிணறுகள் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் சராசரிப் பரப்பு 1 ஹெக்டேர் (ஏறக்குறைய 2.47 ஏக்கர்), சுற்றளவு 400 மீட்டர், பக்கங்கள் 6. முனைக்கு மூன்று கோடுகளே கூடுவதால் இந்த 6. தேன்கூடு என்று எண்ணிவிடாதீர்கள். 4, 9 பக்கமும் வரும்.

பலர் சறுக்குவது இங்கே: வரைபடத்தில் கண்ணை மூடித் தொட்டால் சிக்கும் கட்டத்தின் சராசரி 1.28 ஹெக்டேர்! பெரிய கட்டமே விரலில் அதிகம் படும். எல்லையோரமும் கணக்கைக் கெடுக்கும். வெளியே 300 மீட்டர் வரையுள்ள கிணறுகளையும் குறித்து வரைந்துவிட்டு, எல்லைக்குள் கிணறுள்ள கட்டங்களை மட்டும் அளவெடுங்கள்.