பாதி உடைந்த கடைவாய்ப் பல்லில் ஃபில்லிங் எப்படி நிற்கும்?

சுவரே இல்லாத பல்லில் அடைப்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வெள்ளி அடைப்பான அமால்கம் பல்லோடு தானாக ஒட்டாது. அதனால் குழியை வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் குடைவார்கள். சுவர் போய்விட்டால், பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினில் சுமார் 2 மி.மீ. ஆழத்துக்குச் சின்ன உலோக ஊசிகளைத் திருகுவதும் உண்டு. எனக்கு அந்த ஊசிகள் மேல் நம்பிக்கை குறைவு. அவற்றால் பல்லில் நுண்விரிசல் விழலாம், கொஞ்சம் இடம் தவறினால் நரம்பறையையே தொட்டுவிடும். டென்டினில் சிறு பள்ளம் வெட்டிப் பிடிப்புத் தருவது அதைவிடப் பாதுகாப்பு.

1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர் காட்டிய வழிதான், பல் நிற அடைப்பைப் பல்லோடு ஒட்டும் இன்றைய முறைக்கு அடிப்படை. இப்போது சுமார் 37% பாஸ்போரிக் அமிலத்தை எனாமலில் 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டாகும். அவற்றுக்குள் பிசின் இறங்கி, நீல ஒளி பட்டதும் இறுகிக்கொள்ளும். ஆனால் எச்சில் பட்டால் பிடிப்பு கெட்டுவிடும். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு போடச் சொன்னால் தயங்காதீர்கள்.

வேர் சிகிச்சை செய்த பல்லென்றால் வேருக்குள் போஸ்ட் என்ற சிறு தண்டு வைப்பார்கள். பலர் நினைப்பதுபோல அது பல்லைப் பலப்படுத்தாது, மேலே கட்டும் அடைப்பைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மேலே போடும் கேப் நிலைக்க, ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மி.மீ. அளவுக்காவது நல்ல பல் மிஞ்சியிருக்க வேண்டும். உங்கள் மருத்துவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.